நண்பர் விட்டுப்போன தொழில் உங்களுக்கு வருமா? சாவியை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நண்பர் இறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. சாவிக்கொத்தை யாரோ உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள், சரக்கு கொடுத்தவர் பாக்கி கேட்டு வந்து நிற்பார், வேலை பார்ப்பவர்கள் சம்பளம் வருமா வராதா என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "எனக்கு அப்புறம் இது உனக்குத்தான்" என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லியும் இருக்கலாம். ஆனால் வாரிசுச் சட்டத்தில் நண்பருக்கு இடமே இல்லை. உயில் எழுதாமல் ஒருவர் போய்விட்டால் சொத்து குடும்பத்துக்குப் போகும், குடும்பமே இல்லை என்றால் கடைசியில் பெரும்பாலும் அரசுக்குப் போகும். உங்களிடம் வராது.

அதனால் முதல் வேலை காகிதத்தைத் தேடுவது. உயில் இருக்கிறதா, கூட்டு ஒப்பந்தம் இருக்கிறதா, கம்பெனி என்றால் பங்குதாரர்களுக்குள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உயில் கிடைத்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிச் சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். நம்பிக்கையான ஆள் என்று உங்களையே சாட்சியாகப் போட வைத்திருந்தால் அதுவே வினையாகிவிடும். இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, சாட்சி போட்டவருக்கு உயிலில் எழுதியது செல்லாது. உயிலின் மற்ற பகுதி மட்டும் நிற்கும். வேறு பல நாடுகளிலும் இதே மாதிரி விதி உண்டு.

நாமினியாக உங்கள் பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். கம்பெனிப் பங்குகளுக்கு நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார், உயிலும் வாரிசுச் சட்டமும்தான் முடிவு செய்யும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உயில் சரியாக இருந்தாலும் சில இடங்களில் முழுசாகக் கைக்கு வராது. பிரான்சில் ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கு என்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில் வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியாளுக்கு எழுத முடியாது.

அப்புறம், அது எந்த வகைத் தொழில்? தனி ஆள் நடத்திய தொழில் என்றால், சட்டத்தின் கண்ணில் அவரோடு அதுவும் முடிந்துவிட்டது. உங்களுக்கு வருவது சரக்கு, இயந்திரம், வரவேண்டிய பாக்கி, நற்பெயர் இவைதான். லைசென்ஸ், வரிப் பதிவு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பெரும்பாலும் உங்கள் பெயரில் புதிதாகவோ மாற்றியோ வாங்க வேண்டும். கூட்டுத் தொழில் என்றால், வேறு மாதிரி எழுதி வைக்காதவரை, ஒரு கூட்டாளி இறந்ததும் கூட்டே கலைந்துவிடும். பிரிட்டனின் 1890ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் சொல்கின்றன. அவர் பங்கின் மதிப்பு கிடைக்கும், அவர் நாற்காலி கிடைக்காது. கம்பெனி மட்டும்தான் யார் இறந்தாலும் சாகாது. அங்கே உங்களுக்கு வருவது பங்குகள், டைரக்டர் பதவி தானாக வராது. மற்ற பங்குதாரர்கள் உங்கள் பங்கை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி விதிகளில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உயிலே இல்லையா? அப்போதும் ஒரு கதவு திறந்திருக்கும், பலர் துக்கத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அந்தத் தொழிலில் போட்ட பணம், கொடுத்த கடன், வராத சம்பளம் இவையெல்லாம் பரம்பரைச் சொத்து அல்ல, உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. அதைக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமலும் கூட்டு இருந்திருக்கலாம்: மாதாமாதம் லாபத்தில் ஒரு பங்கு உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்த பதிவு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ரசீது, சரக்கு பற்றிப் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஆதாரமாகலாம். ஃபோனை மாற்றும் முன் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கடன் விஷயத்துக்கு வருவோம், மனசு இளகி மாட்டிக்கொள்வது இங்கேதான். பொதுவாக நண்பரின் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது, உங்கள் பையிலிருந்து அல்ல. ஆனால் வாசலில் நிற்பவரிடம் "நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் கடனாகிவிடலாம். நண்பர் வாங்கிய கடனுக்கு நீங்கள் முன்பே ஜாமீன் போட்டிருந்தால் அது தனிப் பொறுப்பு, அவர் இறந்தாலும் தொடரும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருப்பவர் கடனை எல்லாம் தீர்த்த பிறகுதான் மிச்சம் உங்களுக்கு வரும். அதற்கு இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இறந்த நாளிலிருந்து ஓராண்டு வரை அவருக்கு அவகாசம் உண்டு. ஆனாலும் கணக்குக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதுவரை சரக்கை விற்காதீர்கள், நண்பரின் கணக்கிலிருந்து பணம் எடுக்காதீர்கள். அதிகாரம் இல்லாமல் கை வைத்தவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

வரியிலும் நண்பர் வெளியாள்தான். பிரான்சில் உறவில்லாதவருக்கு 60 சதவீதம். பிரிட்டனில் பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம், தொழில் சொத்துக்குச் சலுகை உண்டு. இந்தியா இறப்பு வரியை 1985இலேயே எடுத்துவிட்டது.

எல்லாக் கணக்கும் பார்த்த பிறகு, கிடைப்பதைவிடச் சுமைதான் அதிகம் என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதை எழுத்தில் சொல்லுங்கள், தொழிலிலிருந்து ஒரு பொருளையோ ஒரு மாத வருமானத்தையோ எடுத்துக்கொள்ளும் முன்பே சொல்லுங்கள், ஏனென்றால் ஒருமுறை ஏற்றுக்கொண்டதுபோல் நடந்துவிட்டால் பிறகு மறுப்பது கஷ்டம். சில நாடுகளில் இதற்குக் காலக்கெடுவும் உண்டு, அதனால் வக்கீலைப் பார்க்கும்போது முதல் கேள்வியாக அந்தத் தேதியைக் கேளுங்கள்.