சிங்கப்பூர் வேலைத்தளத்தில் யாராவது கை வைத்தால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் கட்டுமானத் தளமோ கப்பல் பட்டறையோ, தமிழர், பங்களாதேஷ்காரர், சீனர், மியன்மார்காரர் எல்லோரும் ஒரே சாரத்தில் நிற்கிறார்கள். முதுகில் தட்டுவது ஒருவருக்கு நட்பு, இன்னொருவருக்கு அவமானம். மியன்மார்காரரின் தலையில் விளையாட்டுக்குக்கூடக் கை வைக்காதீர்கள். அதனால் யாராவது உங்களைத் தொடுவது முதல் தடவை என்றால், "தொடாதீங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், மொழி புரியாவிட்டால் உள்ளங்கையைக் காட்டி "நோ" போதும்.

ஆனால் சட்டையைப் பிடிப்பது, வழியை மறித்து முறைப்பது, ஹெல்மெட்டில் அடிப்பது, ஸ்பேனரை எறிவது, இதெல்லாம் எந்த ஊர்ப் பழக்கமும் இல்லை. "அவன் ஊர்ல அப்படித்தான்" என்று சூப்பர்வைசர் சமாளித்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு கோபம் வந்தாலும் திருப்பி அடிக்க வேண்டாம், உங்கள் மேலும் வழக்கு வந்து வேலை அனுமதியே போகலாம். விலகி வந்து, நடந்ததையும் நடந்த நேரத்தையும் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், வெறும் வாய்ப்பேச்சு ஆதாரமாக நிற்காது. அடிபட்டிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய், விழுந்தேன் என்று மழுப்பாமல் அடித்தார்கள் என்றே சொல்லி, சீட்டை வாங்கி வையுங்கள். காயத்தைப் படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து என்றால் உடனே போலீஸ் அவசர எண் 999. இல்லையென்றால் பக்கத்துப் போலீஸ் நிலையம். தமிழ் சிங்கப்பூரில் அதிகாரபூர்வ மொழி, மொழிபெயர்ப்பாளரைத் தயங்காமல் கேளுங்கள். அடிக்காமல் மிரட்டினாலும் 2014-இல் வந்த துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கம்பெனி கண்டுகொள்ளாவிட்டால் மனிதவள அமைச்சுக்குப் போங்கள்.