புதிய லெப்பர்ட் கெக்கோ: முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

வீட்டில் வளர்க்கும் புள்ளிப் பல்லியான லெப்பர்ட் கெக்கோவை வாங்கி வைத்துக்கொண்டு தொட்டி தேடாதீர்கள். தொட்டி தயாராகி, வெப்பம் இரண்டு நாள் ஒரே அளவில் நின்ற பிறகு பல்லி வரட்டும். புது வீட்டில் சாப்பிடாமல் கிடக்கும் கெக்கோவுக்கு நான் பார்த்தவரை காரணம் இரண்டில் ஒன்றுதான்: அடிவயிற்றுக்குச் சூடு போதவில்லை, அல்லது அதை நிம்மதியாக இருக்க விடவில்லை.

1. தொட்டி

இதன் விரல்களில் வீட்டுப் பல்லியைப் போல ஒட்டும் தகடு கிடையாது. கண்ணாடியில் ஏறாது, தரையில்தான் நடமாடும். அதனால் உயரத்தைவிட நீளம் முக்கியம். வளர்ந்த ஒன்றுக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் நல்லது. ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். துணை வேண்டுமே என்று இன்னொன்றைச் சேர்த்தால், இரண்டும் பெண்ணாக இருந்தாலும், ஒன்று மற்றதை ஒடுக்கி மெலிய வைத்துவிடும்.

தரைக்கு முதல் சில வாரம் டிஷ்யூ பேப்பர். எச்சம் எப்படி இருக்கிறது என்று அதில்தான் தெளிவாகத் தெரியும். பிறகு டைல் கல்லுக்கு மாறிக்கொள்ளலாம். ‘கால்சியம் மணல்’ என்று விற்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். கெக்கோ அதை நக்கித் தின்னும், குடல் அடைத்துக்கொள்ளும்.

ஒளிந்துகொள்ள மூன்று இடம் வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈரமானது ஒன்று. மூன்றாவதற்கு மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவும், நனைத்துப் பிழிந்த ‘மாஸ்’ என்னும் பாசியும் போதும். சட்டை உரிக்கும்போது அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஈரம் இல்லாவிட்டால் விரல்களில் பழைய தோல் நூல்போல இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும். சட்டை உரித்த மறுநாள் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

2. வெப்பம்

பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். கெக்கோ தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. தின்றது செரிக்க வெளியிலிருந்து சூடு வர வேண்டும். சூடான ஒளிவிடத்தின் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 24 முதல் 26. நான் சொல்வது தரையின் சூடு. சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம். துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள்.

தொட்டிக்கு அடியில் விரிக்கும் மின்சாரச் சூட்டுப் பாயான ஹீட் மேட், தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூட வேண்டும். சூட்டை அளந்து மேட்டைத் தானே அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருநாளும் இணைக்காதீர்கள். கட்டுப்பாடில்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும்.

பலர் தடுமாறுவது தெர்மோஸ்டாட்டின் சென்சாரை எங்கே வைப்பது என்பதில். தொட்டிக்குள் வைத்தால் கெக்கோ அதைப் புரட்டி நகர்த்திவிடும். சென்சார் குளிர்ந்த இடத்துக்குப் போனால், இன்னும் சூடு ஏறவில்லை என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் மேட்டை அணைக்காமலே ஓடவிடும். அதனால் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவில் டேப் போட்டு ஒட்டுவதே எனக்குப் பிடித்த முறை. இதில் தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்காது. கண்ணாடியும் டைலும் கொஞ்சம் குறைத்துவிடும். 34 என்று வைத்தால் உள்ளே 30 காட்டலாம். ஒரு டிகிரி ஏற்றுங்கள், ஒரு மணி நேரம் விடுங்கள், ஒளிவிடத்தைத் தூக்கித் தரையை அளந்து பாருங்கள். உள்ளே சரியான சூடு வரும்வரை இப்படியே. தொட்டியின் நான்கு மூலைக்கும் அடியில் ரப்பர் கால் வைத்து, காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள்.

சூடேறும் செயற்கைக் கல், இரவில் எரியும் சிவப்பு பல்பு இரண்டும் தேவையில்லை. இரவில் இருட்டாகவே இருக்கட்டும்.

3. வந்த நாள்

கொண்டுவந்த டப்பாவைத் தொட்டிக்குள் வைத்துத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். தானாக வெளியே வரும். அடுத்த இரண்டு வாரம் தண்ணீர் மாற்றுவது, எச்சம் எடுப்பது, சாப்பாடு போடுவது, எடை பார்ப்பது தவிரக் கையை உள்ளே விட வேண்டாம். வாலை மெதுவாகத் தூக்கி நெளித்தால் ‘கிட்டே வராதே’ என்று அர்த்தம். பயம் முற்றினால் வாலையே கழற்றிவிடும். புதிதாக முளைக்கும் வால் பழையபடி இருக்காது.

4. சாப்பாடு

இரண்டு மூன்று நாள் கழித்து, அந்தி நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். கிரிக்கெட் பூச்சியோ டூபியா கரப்பானோ மீல்வோர்ம் புழுவைவிட மேல். பூச்சிக்கு முந்தைய நாளே கீரை, கேரட் தின்னக் கொடுத்து, கால்சியம் தூளில் புரட்டிப் போடுங்கள். புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கு இல்லையென்றால் வைட்டமின் டி3 கலந்த தூளும், பொட்டலத்தில் சொன்ன அளவில், அவசியம். பசி வந்த கெக்கோ தலையை ஒருபக்கம் சாய்க்கும், அசையாமல் நிற்கும், வால் நுனி மட்டும் படபடவென்று துடிக்கும், பாயும். மிஞ்சிய கிரிக்கெட்டை எடுத்துவிடுங்கள், இரவில் அது கெக்கோவைக் கடிக்கும். வெளியே பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம், அதிலும் மின்மினி கொடிய நஞ்சு.

வளர்ந்தது ஒரு வாரம், பத்து நாள் சாப்பிடாவிட்டாலும் பதற வேண்டாம். கொழுப்பை வாலில் சேர்த்து வைத்திருக்கும். குட்டிக்கு அவ்வளவு சேமிப்பு இராது. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, டப்பாவோடு எடை பார்த்து, டப்பாவின் எடையைக் கழித்து எழுதிவையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால் மெலிந்துகொண்டே போனாலோ, ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரிடம் எச்சத்தோடு போங்கள்.

பிற்சேர்க்கை

ஒரு வாசகர் தரை 27 டிகிரியைத் தாண்டவே இல்லை என்றார். அவர் அளந்தது கண்ணாடி வழியாக. இன்ஃப்ராரெட் வெப்பமானி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். மூடியைத் திறந்து, நேராகத் தரையைப் பார்த்து அளக்க வேண்டும்.

அறையே 30 டிகிரிக்கு மேல் போகிறது, மேட் வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். அப்படிப்பட்ட அறையில் கவலைப்பட வேண்டியது குளிர்ந்த பக்கத்தைப் பற்றித்தான். தொட்டியை வெயில் படாத சுவரோரம் இறக்கி, மூடியை வலையாக மாற்றி, குளிர்ந்த ஒளிவிடத்துக்கு அடியில் தடித்த டைல் போடுங்கள். மேட்டைக் கழற்ற வேண்டாம். தரை போதுமான சூட்டில் இருந்தால் தெர்மோஸ்டாட் அதைத் தானே அணைத்து வைத்திருக்கும்.