கண்ணாடியில் ஒட்டிய படமும் பூஞ்சை பிடித்த நெகட்டிவும்: பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்யும் முறை

முதல் ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக ஸ்கேன் செய்யத் தொடங்காதீர்கள். எது சீக்கிரம் கெடுமோ அதை முதலில் எடுங்கள். சுவரில் மாட்டிய ஃபிரேம் படங்கள், பரணில் கிடக்கும் நெகட்டிவ்கள், பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படம் ஒட்டும் பசை ஆல்பங்கள், இந்த மூன்றுக்கும்தான் அவசரம். அடுத்து 1970, 80களின் கலர் பிரிண்ட்கள். அவற்றின் நீலச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கும், அதனால்தான் அந்தக் காலப் படங்கள் சிவந்துபோகின்றன. நன்றாகக் கழுவி எடுத்த கறுப்பு-வெள்ளை பிரிண்ட்கள் காத்திருக்கும்.

ஃபிரேம் படங்கள்

ஃபோட்டோ தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் பசையாக இறுகும். பிய்த்தால் தாள் கையோடு வரும், முகம் கண்ணாடியோடு போகும். ஹேர் டிரையர், வெந்நீர், ஃபிரிட்ஜ் என்று யார் என்ன சொன்னாலும் ஒரே பிரதியாக உள்ள படத்தில் எதையும் முயலவேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம்.

ஃபிரேமைக் கவிழ்த்து வைத்து, பின்பக்க ஆணிகளையும் அட்டையையும் எடுங்கள். கண்ணாடியும் படமும் ஒன்றாகவே வெளியே வரட்டும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை, பிழிந்த துணியால் துடையுங்கள். கண்ணாடிமேல் நேராகத் தண்ணீர் தெளித்தால் அது ஓரம் வழியாக உள்ளே இறங்கிக் கறை போடும்.

யூஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்கள் இந்த வேலைக்கு உதவாது. தன் கண்ணாடியைத் தொடும் பரப்பை மட்டுமே அவை தெளிவாகப் பார்க்கும். ஃபிரேம் கண்ணாடி 2 மில்லிமீட்டர் தூக்கினாலே படம் கலங்கும். எப்சன் வி600 போன்ற, சிசிடி எனும் வகை உணரியும் லென்ஸும் உள்ள தடித்த ஸ்கேனர் அந்த இடைவெளியைத் தாங்கும். அது கிடைக்காவிட்டால் கேமராவில் எடுங்கள். படத்தை மேசையில் கிடத்தி, இரு பக்கமும் ஒரே மாதிரி விளக்குகளை 45 பாகைச் சாய்வில் வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தை அடைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் சரிக்கு வராது. கறுப்பு அட்டையில் துளையிட்டு, அதன் வழியாக லென்ஸை நீட்டினால் கேமராவின் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழாது.

பசை ஆல்பத்தில் உள்ள படத்தை நகத்தால் நெம்பாதீர்கள். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, அறுப்பதுபோல மெதுவாக இழுங்கள். அசையவில்லை என்றால் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

சாதாரண பிரிண்ட்கள்

600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள், போதும். 4×6 அங்குலப் படம் 2400×3600 புள்ளிகளாக வரும், இரண்டு மடங்கு பெரிதாக அச்சிடலாம். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு மட்டும் 1200. கறுப்பு-வெள்ளையையும் கலரிலேயே எடுங்கள், கறையையும் பழுப்பையும் பிறகு பிரித்து நீக்க அது உதவும். தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

சொரசொரப்பான 'சில்க்' தாளில் அச்சிட்ட படங்களை ஸ்கேன் செய்தால் தேன்கூடு போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும், விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிப்பதுதான் காரணம். ஒருமுறை எடுத்து, படத்தை 180 பாகை திருப்பி இன்னொருமுறை எடுங்கள். கிம்ப் மென்பொருளில் இரண்டையும் பொருத்தி, மேலுள்ளதை 50 சதவீதம் ஊடுருவும்படி வைத்தால் புள்ளிகள் பெரும்பாலும் மறையும்.

பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, ஊர்ப்பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நெகட்டிவ்

நெகட்டிவ்தான் மூலம். பிரிண்டில் வெளுத்துப்போன வேட்டி மடிப்பும் இருண்டுபோன முகமும் நெகட்டிவில் இன்னும் இருக்கலாம். பிரிண்ட், நெகட்டிவ் இரண்டும் இருந்தால் நெகட்டிவையே ஸ்கேன் செய்யுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதைத் தனியே பிரித்து வைத்து முதலில் முடியுங்கள். பூஞ்சை தெரிந்தால் தண்ணீர் படவே கூடாது, பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்துவிடும். ஓரங்களை மட்டும் பிடித்து, ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள். பளபளப்பான பக்கத்தில் கைரேகை இருந்தால் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் ஒரே திசையில் துடைக்கலாம். மருந்துக்கடையின் 70 சதவீதம் வேண்டாம், மீதி தண்ணீர்.

35 மி.மீ. நெகட்டிவை 2400 டிபிஐயில் எடுத்தால் ஏறத்தாழ 3400×2270 புள்ளிகள். பழைய பெட்டி கேமராக்களின் 6×6 செ.மீ. சதுர நெகட்டிவுக்கும் இதுவே தாராளம். ஸ்கேனரின் அட்டைப்பெட்டியில் 6400 என்று அச்சிட்டிருந்தாலும், மேசை ஸ்கேனர் தரும் உண்மையான நுணுக்கம் அதில் பாதிகூட வராது. 3200ஐத் தாண்டினால் கோப்புதான் பெருக்கும். அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் 'டிஜிட்டல் ஐஸ்' வசதி கலர் நெகட்டிவுக்கு அருமை. கறுப்பு-வெள்ளையில் அதை அணைத்துவிடுங்கள், படத்தின் வெள்ளியே அகச்சிவப்பை மறைப்பதால் படத்தையே தூசி என்று அழிக்கப் பார்க்கும்.

கடையில் கொடுப்பதானால்

நூற்றுக்கணக்கில் நெகட்டிவ் இருந்தால் கடைதான் நல்லது. முதலில் 5 மட்டும் கொடுத்துப் பாருங்கள். எத்தனை டிபிஐ, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாகத் தருவார்களா, நெகட்டிவ் பட்டைகளை வெட்டுவார்களா என்று கேளுங்கள். வெட்டக்கூடாது. உறைகளுக்கு எண் போட்டு, பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை மெழுகுபோல வழவழப்பாக்கித் தருபவர்களிடம், திருத்தாத கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

மூலக் கோப்பு டிஃப், உறவினருக்கு அனுப்ப ஜேபெக். '1974_மதுரை_கல்யாணம்_012' என ஆண்டு முன்னால் வரும்படி பெயரிடுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால்தான் தரம் குறையாது. ஸ்கேன் முடிந்த படங்களும் நெகட்டிவ்களும் மீண்டும் பரணுக்குப் போகவேண்டாம். அங்கே வெயில் காலத்துச் சூடு அதிகம். காகித உறையில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள்.