டி-வடிவக் கலப்பியில் பேரியம் சல்பேட்: அடைப்பு நீங்கிய விதம்

பேரியம் குளோரைடு, சோடியம் சல்பேட் கரைசல்களை அரை மில்லிமீட்டர் துளையுள்ள டி-வடிவக் கலப்பியில் எதிரெதிராகச் செலுத்தி பேரியம் சல்பேட் நானோதுகள்களைத் தொடர்ச்சியாக வீழ்படிவாக்கியபோது, துகள்களின் அளவு சீராக அமையவில்லை. கலப்பியும் விரைவில் அடைத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால், வெளியேறும் குழாய் சுத்தமாக இருக்க, சல்பேட் வரும் கிளையின் உட்புறத்தில் மட்டும் நகக்கண் ஆழத்துக்கு வெண்ணிற வளையம் படிந்திருந்தது. பேரியக் கரைசல் அந்தக் கிளைக்குள் பின்னோக்கிப் புகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை.

குழாயை உருளைகளால் அழுத்தித் தள்ளும் பம்புகள் இரண்டும் வெவ்வேறு கணத்தில் துடித்ததே இதற்குக் காரணம். அவற்றை நீக்கி, துடிப்புக் குறைந்த பல்சக்கரப் பம்புகளைப் பொருத்தியதும் வளையம் படிவது நின்றது.

அளவுச் சிக்கல் வேறு வகையானது. இந்த வினையில் துகள்கள் வளரத் தொடங்கும் நுண்ணிய உட்கருக்கள் மில்லிநொடிகளில் தோன்றிவிடுவதால், கலத்தல் அதைவிட விரைவாக முடிந்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வெளிக்குழாயில் மொத்த ஓட்டத்தை நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டரிலிருந்து 100 ஆக உயர்த்தியபோது, ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பை நெருங்குகிறது என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 200இலிருந்து 2000ஐத் தாண்டியது, துகள்களும் சிறுத்தன. ஆயினும் சேகரிக்கும் குடுவையில் அவை திரண்டன. பேரியத்தை மிகையாக வைத்த பின்னரே, பரப்பில் ஒட்டிய பேரியம் அயனிகளின் நேர்மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிலைத்தன.

பழைய படிவு நீர்த்த அமிலத்துக்கு அசையாது. உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் சேர்மமான இ.டி.டி.ஏ.வின் காரத்தன்மையுள்ள சூடான கரைசலில் ஊறவைத்தால் மெல்லக் கரையும். கரைந்த பேரியம் நச்சு என்பதால், கழிவை அமிலமாக்கி, சல்பேட்டை மிகையாகச் சேர்த்து முழுவதும் வீழ்படிவாக்கி, வேதிக்கழிவுக் கலனில் சேர்த்துவிடுகிறேன்.