மாடித் தொட்டிக்கு அழுத்த சென்சார்: எங்கெல்லாம் சறுக்கும்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார்: "தம்பி, ரொம்ப நேரமா மாடியிலேருந்து தண்ணி கொட்டுது. மோட்டாரை நிறுத்துப்பா." தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். தொட்டி 0 சதவீதம் என்றது திரை. வெளியே ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து வாசல் முழுக்கத் தண்ணீர்.

வைஃபை உள்ள குட்டிக் கணினியான ஒரு ஈஎஸ்பி32 போர்டு, தொட்டியின் அடியில் ஓர் அழுத்த சென்சார், நிரல் சொன்னபடி மோட்டாரை ஓட்டும் ரிலே சுவிட்ச். என் ஏற்பாடு இவ்வளவுதான். நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. அன்று அது ஏன் பொய் சொன்னது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் சறுக்கிய வேறு சில இடங்களும் உண்டு.

முதலில், அழுத்தம் எதற்கு என்று கேட்கலாம். மிதவை சுவிட்ச் இரண்டே செய்திதான் சொல்லும், நிரம்பியது அல்லது காலி. மீயொலி சென்சாரை மூடிக்கு அடியில் மாட்டினால் தொட்டிக்குள் எழும் ஈரம் அதன் முகத்தில் முத்து முத்தாகப் படிந்து சில மாதங்களில் உளற ஆரம்பிக்கும். தண்ணீரின் எடையோ ஏமாற்றாது. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் அடியில் 9.8 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுக்கும், தொட்டி அகலமோ குறுகலோ அதற்குக் கவலையில்லை. ஏமாறுவதெல்லாம் நாம்தான்.

பெரிய சென்சார் நல்ல சென்சார் அல்ல

ஆன்லைனில் "வாட்டர் பிரஷர் சென்சார்" என்று தேடினால் முதலில் வந்து விழுவது 1.2 மெகாபாஸ்கல் வகை. மூன்று ஒயர், 5 வோல்ட் சப்ளை, 0.5 முதல் 4.5 வோல்ட் வரை அவுட்புட். விலை குறைவு, பார்க்கவும் கெட்டியாக இருக்கும். நானும் அதைத்தான் வாங்கினேன்.

கணக்குப் போடுங்கள். 1,200 கிலோபாஸ்கலுக்கு 4 வோல்ட் என்றால் ஒரு கிலோபாஸ்கலுக்கு 3.3 மில்லிவோல்ட். ஒரு மீட்டர் உயரத் தொட்டி காலியிலிருந்து நிரம்பும் வரை மொத்த மாற்றம் வெறும் 33 மில்லிவோல்ட். வைஃபை ஓடும்போது ஈஎஸ்பி32-இன் ஏடிசி, அதாவது வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி, சும்மா இருந்தாலே அந்த அளவுக்கு ஆடும். இன்னொரு கொடுமையும் இருக்கிறது. இந்த வகை சென்சார்களில் முழு அளவில் 1 சதவீதப் பிழை என்பது சாதாரணம். 1,200-இல் 1 சதவீதம் 12 கிலோபாஸ்கல், அதாவது 1.2 மீட்டர் தண்ணீர். பிழையே தொட்டியைவிட உயரம்! அது கம்ப்ரசருக்கும் பைப்லைனுக்கும் செய்த சாமான், தொட்டிக்கு அல்ல.

5 பிஎஸ்ஐ வகையை வாங்குங்கள். அது சுமார் 34 கிலோபாஸ்கல், மூன்றரை மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதே ஒரு மீட்டருக்கு இப்போது 1.1 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். 1 சதவீதப் பிழையும் மூன்றரை சென்டிமீட்டரில் அடங்கிவிடும். வாங்கும்போது மரையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 19 புரி, என்பிடி கால் அங்குலத்தில் 18. ஒரு வகையை மற்றதில் மாட்டினால் கையால் ஒன்றரைச் சுற்று ஏறி அங்கேயே இறுகி நிற்கும். டெஃப்லான் டேப்பைச் சுற்றி பலவந்தமாகத் திருகினால் தொட்டியின் நிப்பிள்தான் விரியும்.

காலை பத்து மணிக்குத் தொட்டி ஏன் நிரம்பியது?

என் நண்பர் ஒருவர் பிஎம்பி280 மாதிரியான தனி அழுத்த (அப்சல்யூட், அதாவது காற்றழுத்தத்தைக் கழிக்காமல் மொத்தமாக அளக்கும்) சென்சாரை ஒரு டியூபின் முனையில் ஒட்டித் தொட்டிக்குள் இறக்கினார். விலை மலிவு, நிரல் தயாராகக் கிடைக்கிறது, ஆசை வரத்தான் செய்யும். ஒரு வாரம் கழித்து வரைபடத்தைக் காட்டி, "யாருமே தண்ணி எடுக்கல, ஆனா தினமும் காலைல லெவல் ஏறுது, சாயங்காலம் இறங்குது. எங்கேயோ லீக்கா?" என்று கேட்டார்.

லீக் இல்லை, வானம். அந்த சென்சார் அளப்பது தண்ணீரையும் அதற்கு மேல் நிற்கும் காற்றையும் சேர்த்து. நம் வெப்பமண்டலப் பகுதியில் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம். அதிகாலை நான்கு, மாலை நான்கு வாக்கில் தாழ்வு. வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். தண்ணீர்க் கணக்கில் அது 3 சென்டிமீட்டர். இது தினசரி கூத்து. பக்கத்தில் புயல் கடந்தால் 20 ஹெக்டோபாஸ்கல்கூட இறங்கும், தொட்டியிலிருந்து 20 சென்டிமீட்டர் தண்ணீர் மாயமாகும்.

கேஜ் வகை சென்சார் இந்தக் காற்றை முதுகுப்புறமாக உள்ளே விட்டுச் சமன் செய்துகொள்கிறது. அதற்காக ஒரு சின்னத் துளை இருக்கும். முழுக்க மூழ்கும் வகையில் கேபிளுக்குள்ளேயே மெல்லிய குழாய் ஓடும். மழைக்குப் பயந்து அந்த முனையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் போட்ட காசு வீண். பெட்டிக்குள், ஈரம் இறங்காத இடத்தில், மூச்சு விட இடம் கொடுத்து வையுங்கள். கட்டாயம் தனி அழுத்த சென்சார்தான் என்றால் வெளியே இன்னொன்றை வைத்துக் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் டியூபுக்குள் அடைபட்ட காற்று வெயிலில் விரியும், நாள்பட நாள்படத் தண்ணீரில் கரையும். அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

குழாயில் எங்கே மாட்டினாலும் ஒன்றுதானே?

இல்லை. கீழே, சமையலறைக் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டினால் வசதிதான். ஆனால் தொட்டி அங்கிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால் எப்போதும் சுமார் 59 கிலோபாஸ்கல் அழுத்தம் ஏறி நிற்கும். 5 பிஎஸ்ஐ சென்சார் முதல் நாளே திணறும்.

மொட்டைமாடியிலேயே, தொட்டியின் அவுட்லெட்டில் ஒரு 'டீ' போட்டு மாட்டினேன். அதிலும் ஒரு பாடம் இருந்தது. வீட்டில் இரண்டு மூன்று குழாய் திறந்து, ஓர் அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால் நீரின் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர். ஓடும் நீரில் அழுத்தம் குறையும். அந்த வேகத்துக்கே ஐந்து சென்டிமீட்டர், தொட்டியிலிருந்து குழாய்க்குள் நுழையும் இடத்தின் இழப்பு இரண்டரை. ஆயிரம் லிட்டர் தொட்டியின் குறுக்களவு 1.1 மீட்டர் என்று வைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்பதரை லிட்டர். ஆக, யாராவது குளிக்கப் போனால் எழுபது லிட்டர் காணாமல் போகும், குளித்து முடித்ததும் திரும்பி வரும். சென்சாருக்கென்று தொட்டியில் தனியாக ஒரு துளை போட்டு நிப்பிள் வைப்பதே உத்தமம். நடுவில் ஒரு பால் வால்வு இருக்கட்டும், தொட்டியைக் காலி செய்யாமல் சென்சாரைக் கழற்றலாம். துளை அடித்தளத்திலிருந்து நான்கு விரல் மேலே இருக்க வேண்டும். போர் தண்ணீர் வீடுகளில் அடியில் சேரும் சேறும் உப்பும் சென்சாரின் வாயை அடைத்துவிடும்.

பின், வோல்ட், கொஞ்சம் கணக்கு

4.5 வோல்ட் வரக்கூடிய ஒயரை 3.3 வோல்ட் பின்னில் நேராகச் செருகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு யாரோ செருகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துப் பாதியாக்குங்கள். ஈஎஸ்பி32-இல் இரண்டு ஏடிசி இருக்கிறது, இரண்டாவது வைஃபை ஓடும்போது வேலைக்கு ஆகாது. ஜிபிஐஓ 32 முதல் 39 வரை உள்ள பின்களே முதல் ஏடிசி. அதுவும் அளவின் இரு முனைகளிலும் வளைந்துபோகும். நான் கடைசியில் ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் ஏடிசி போர்டை வாங்கி, 3.3 வோல்ட்டில் ஓட்டினேன். ஆட்டம் நின்றது.

ஆனாலும் இரவில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி காட்டியது. பல நாள் நிரலைக் குடைந்த பிறகு மல்டிமீட்டரை எடுத்தேன். போன் சார்ஜர் கொடுத்தது 5 வோல்ட் அல்ல, 4.8. இந்த வகை சென்சார்களின் அவுட்புட் சப்ளையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். நிரம்பிய தொட்டியில் 5 வோல்ட் 4.8 ஆனால் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். ஏடிஎஸ்1115-இன் இன்னொரு சேனலில் சப்ளையையும் அதேபோல் பாதியாக்கி அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிட்டால் சார்ஜர் எப்படி ஆடினாலும் கவலையில்லை. போர்டு கீழே, சென்சார் மாடியில் என்று பதினைந்து மீட்டர் ஒயர் இழுக்கப் போகிறவர்கள் இந்த வகையை விட்டுவிட்டு 4–20 மில்லியாம்ப் வகைக்குப் போவதே நல்லது. ஒயரின் நீளம் அதைப் பாதிக்காது.

ரிலே பற்றி ஒரே ஒரு விஷயம். அந்த நீலப் பெட்டி ரிலேவின் மேல் 10 ஆம்ப் என்று போட்டிருக்கும், அதை நம்பி ஒரு எச்பி மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். ஓடும்போது இழுப்பது ஐந்தாறு ஆம்ப்தான், கிளம்பும்போது அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் இழுக்கும். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் நிரல் "நிறுத்து" என்று கத்தினாலும் மோட்டார் நிற்காது. ரிலே, பெரிய மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்த ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மாடிக்கு ஏறிப் பார்த்தபோது விடை கண்ணெதிரே இருந்தது. அணில். சென்சாரின் சிக்னல் ஒயரை அழகாகக் கடித்துத் துண்டித்திருந்தது. ஒயரை பிவிசி பைப்புக்குள் விடாதது ஒரு தவறு. ஆனால் அது பெரிய தவறல்ல.

ஒயர் அறுந்ததும் ஏடிசிக்கு வந்தது 0 வோல்ட். காலித் தொட்டிக்கு சென்சார் கொடுப்பது 0.5 வோல்ட், அதாவது 0 வோல்ட் என்பது தண்ணீரில் சாத்தியமே இல்லாத எண். சூத்திரப்படி அது மைனஸ் நாற்பதுக்கும் கீழே ஒரு சதவீதத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது. ஆனால் திரையில் மைனஸ் தெரிந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று, விடையை 0-க்கும் 100-க்கும் நடுவில் அமுக்கி வைக்கும் ஒரு வரியை முதல் வாரமே எழுதியிருந்தேன். மைனஸ் நாற்பத்துச் சொச்சம் 0 ஆனது. தொட்டி காலி என்று நம்பி மோட்டார் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது சென்சாரின் வோல்ட் 0.3-க்குக் கீழே போனாலோ 4.7-க்கு மேலே போனாலோ நிரல் எண்ணே காட்டாது. "சென்சார் இல்லை" என்று சொல்லி மோட்டாரை நிறுத்தும். மோட்டார் ஓடிப் பத்து நிமிடத்தில் மட்டம் மூன்று சென்டிமீட்டராவது ஏறவில்லை என்றாலும் நிறுத்தும். சம்ப் காலியாக இருக்கும்போதும் அது கைகொடுக்கிறது. போர்டு எண்களை அனுப்பும் எம்க்யூடிடி என்ற செய்தி முறையில் பழைய எண் தங்கிவிடும் சங்கதியும் இதன் தம்பிதான். போர்டு செத்து மூன்று நாள் ஆன பிறகும் எண்ணைத் திரையில் காட்டும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் 62 சதவீதம் என்று சிரித்துக்கொண்டிருக்கும். இணைப்பு போனதும் தானாக அறிவிக்கும் 'லாஸ்ட் வில்' வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேல் தொட்டியின் உச்சியில் பழைய மிதவை சுவிட்ச் ஒன்று, கான்டாக்டரின் காயிலோடு தொடராக. அதற்கு நிரல் தெரியாது, அதனாலேயே அதை நம்புகிறேன்.

மட்டத்தைக் குறிப்பதற்கு டேட்டாஷீட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தொட்டி கழுவும் நாளில், வால்வுக்குக் கீழே தண்ணீர் போனதும் வரும் வோல்ட்டை எழுதிக்கொள்ளுங்கள். நிரப்பும்போது ஒரு மூங்கில் குச்சியை விட்டு பாதியில் ஒருமுறை, மேலே வளைவு தொடங்கும் இடத்தில் ஒருமுறை அளந்து வோல்ட்டோடு சேர்த்துக் குறியுங்கள். என் வீட்டில் ஆறு மாதத்தில் அந்த முதல் எண் 0.50-இலிருந்து 0.53-க்கு நகர்ந்திருந்தது. கழுவும் தேதியோடு தொட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.