புதிய மருத்துவ ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி?

பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு நோய்க்குப் புதிய சிகிச்சை கண்டறியப்பட்டதாகச் செய்தி படித்தால், முதலில் அந்த ஆய்வின் மூலக் கட்டுரையைத் தேடுங்கள். செய்தியில் குறிப்பிட்டுள்ள ஆய்விதழின் பெயரையும் ஆய்வாளரின் பெயரையும் மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் இட்டுத் தேடினால், பெரும்பாலும் கட்டுரையின் சுருக்கமாவது கட்டணமின்றிக் கிடைக்கும். இதழ் ஏற்பதற்கு முன்பே கட்டுரைகளை வெளியிடும் பயோஆர்கைவ், மெட்ஆர்கைவ் தளங்களில் மட்டும் அது இருந்தால், பிற அறிஞர்களின் மதிப்பாய்வைக் கடந்து இதழில் இன்னும் வெளிவரவில்லை என்று கொள்ளலாம்.

அடுத்து, சோதனை எதன்மீது நடந்தது என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களா, எலிகளா, மனிதர்களா? எலிகளில் நடக்கும் ஆய்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நோய் உடலுக்குள் இயங்கும் விதத்தை அறிய அது பெரிதும் உதவுகிறது. ஆனால் கட்டுரையில் தெளிவாக இருக்கும் ‘எலி’ என்ற சொல் செய்தித் தலைப்பில் காணாமல் போய்விடுவதுண்டு.

எதை அளந்தார்கள் என்பதே மிக முக்கியமான கேள்வி. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு ஆகிய மருந்துகளைக் கொடுத்தபோது, இதயத்தின் ஒழுங்கற்ற துடிப்பு நன்றாக அடங்கியது. துடிப்பு சீரானால் உயிரும் நிலைக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். ஆனால் மருந்துப்போலியுடன் (மருந்தில்லாத வெற்று மாத்திரையுடன்) ஒப்பிட்டு நடத்திய ‘காஸ்ட்’ ஆய்வின் முதல் முடிவுகள் 1989இல் வெளியானபோது, அந்த மருந்துகளை உட்கொண்டவர்களிடையேதான் இறப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆகவே இரத்த அளவீடு, ஸ்கேன் படம், துடிப்பு வரைபடம் ஆகியவற்றில் முன்னேற்றம் என்று ஒரு கட்டுரை சொன்னால், நோயாளியின் ஆயுளோ அன்றாட நலமோ அளக்கப்பட்டதா என்று தனியே தேடிப் பாருங்கள்.

‘இருமடங்கு’, ‘பாதியாகக் குறைந்தது’ போன்ற சொற்களைக் கண்டால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்ற கணக்கைக் கண்டுபிடியுங்கள். 1995இல் பிரிட்டனில், சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறையும் ஆபத்தை இருமடங்காக்குகின்றன என்ற எச்சரிக்கை பரவியது. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து இருவருக்கு என உயர்ந்திருந்தது. அந்தக் கணக்கு மக்களைச் சென்றடையாததால் பலர் மாத்திரையைக் கைவிட்டனர். மறு ஆண்டில் அங்கே கருக்கலைப்புகள் கூடின. ஓர் எண்ணை முழுமையாகச் சொல்லாமல் விடுவதும் மனிதர்களைக் காயப்படுத்தும் என்பதை இதைப் படிக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

மனிதர்களிடம் நடந்த மருந்துச் சோதனையாக இருந்தால், சோதனையைப் பொதுப் பதிவேட்டில் பதிவுசெய்து பெற்ற பதிவெண் கட்டுரையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டில் தேடி, எதை அளக்கப்போவதாகத் தொடக்கத்தில் அறிவித்தார்கள் என்பதைக் கட்டுரையில் முதன்மைப்படுத்தியுள்ள முடிவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால், அதற்கான காரணத்தைக் கட்டுரையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் ஒரு கட்டுரையை நம்பி யாரிடமாவது எடுத்துச் சொல்லியிருந்தால், சில மாதங்கள் கழித்து மீண்டும் அதைத் திறந்து பாருங்கள். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து, 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த கட்டுரை 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. இப்போது அதைப் பப்மெட்டில் தேடுபவருக்கு அந்த அறிவிப்பும் சேர்ந்தே தெரியும்.