சிப்பியைக் கூறு போடும் விளையாட்டு

பாம்பன் பக்கம் கரையில் வலையை உதறினதும் நம்ம பெண்கள் காரல் தனி, நண்டு தனி, கணவாய் தனி என்று மளமளவென்று கூறு போட்டுவிடுவார்கள். அதையேதான் 3, 4 வயதுப் பிள்ளைக்கு விளையாட்டாகக் கொடுக்கப்போகிறோம். கடையில் எதுவும் வாங்க வேண்டாம்.

முதலில் பொருள் சேர்க்கணும். வெறும் சிப்பி, கிளிஞ்சல், பாட்டில் மூடி என்று இருபது உருப்படி போதும். பொறுக்குவது நீங்களாக இருங்கள். கூம்புச் சங்குக்குள் உயிர் இருந்தால் கொட்டும், விஷம் பொல்லாதது. பவளத் துண்டைத் தொடவே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. 3 வயது ஆகாத பிள்ளை எதையும் வாயில் போடும்; அதற்குக் கிண்ணம், கரண்டி, சிரட்டை கொடுங்கள்.

அடுத்து, இரண்டு ஓலைக்கொட்டான். ஒன்றில் வெள்ளைச் சிப்பி, இன்னொன்றில் கறுப்பு. மூன்றாவது சிப்பியைக் கையில் கொடுத்து, “இது எங்க போகும்?” என்று மட்டும் கேளுங்கள். பாதியில் பிள்ளை கூறு போடுவதை மறந்துவிட்டு வரிசையாக அடுக்கி, “பாம்பன் பாலத்துல ரயில் போகுது” என்றால் விட்டுவிடுங்கள். சின்ன வயதில் வகை பிரிப்பது இப்படிப் படமாக மாறுவதை பிள்ளைகள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த ழான் பியாஜேயே கவனித்து எழுதியிருக்கிறார்.

திருத்த மட்டும் அவசரப்படாதீர்கள். என் அக்கா மகள் சிப்பிக் கூறில் ஒரு பாட்டில் மூடியை வைத்தாள். நான் எடுத்து வெளியே போட்டேன். அவள் திரும்ப எடுத்து வைத்து, அதில் தண்ணீரை ஊற்றிக் காட்டினாள். “சித்தி, இதுலயும் தண்ணி நிக்குதுல்ல?” நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் குழியைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து “ஏன் இங்க வச்ச?” என்று கேட்ட பிறகுதான் கை நீட்டுகிறேன்.

நிறம் பழகினதும் விதியை மாற்றுங்கள்: இனிமேல் பெரிசு, சிறிசு. 3 வயதுப் பிள்ளை புது விதியை வாயால் சரியாகச் சொல்லும், கை மட்டும் பழைய கொட்டானுக்கே போகும். அடம் இல்லை அது. 5 வயதை ஒட்டிப் பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. 6 வெள்ளைச் சிப்பி, 2 கறுப்புச் சிப்பி வைத்து, “வெள்ளைச் சிப்பி நிறையவா, சிப்பி நிறையவா?” என்று கேளுங்கள். எட்டுமே சிப்பிதான், ஆனாலும் 5 வயதில் பெரும்பாலும் “வெள்ளைதான்” என்றே பதில் வரும். 7, 8 வயதில் அதே பிள்ளை, “இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்று நம்மைப் பார்க்கும்.